"எதாவது கேக்கணுமா?"ன்னு இன்டர்வியூல கேட்டா இன்னா கேக்குறது – வேலூர், ராணிப்பேட்டை பக்கம் வேலை தேடுறவங்களுக்கு முழு வழிகாட்டி

இன்டர்வியூ முடியற நேரத்துல எச்ஆர் ஃபைல மூடிக்கினே ஒன்னு கேப்பாங்க பாருங்க, "ஓகே, உங்களுக்கு எதாவது கேக்கணுமா?"ன்னு. நம்ம பசங்க முக்காவாசிப் பேரு "இல்ல சார், தேங்க் யூ சார்"னு சொல்லிட்டு எழுந்து வந்துடுவாங்க. எதாவது கேட்டா திமிரு புடிச்சவன்னு நெனச்சுடுவாங்களோன்னு ஒரு பயம், அதுவும் ஃபர்ஸ்ட் ஜாப்னா சொல்லவே வேணாம்.

நான் அப்படி இல்ல, நான் கேட்டேன். கேட்டும் மாட்டிக்கினேன், அதான் இதை எழுதறேன்.

டிப்ளமா மெக்கானிக்கல் முடிச்ச கையோட ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனில இன்டர்வியூ. எங்க வீடு காங்கேயநல்லூர். "சார், வேலூர்ல இருந்து கம்பெனி பஸ் இருக்கா?"ன்னு கேட்டேன், "இருக்கு இருக்கு, அந்த சைடு நெறைய பேர் வர்றாங்க"ன்னாரு. சந்தோஷமா ஜாயின் பண்ணேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, பஸ்ஸு வாலாஜா டோல்கேட்ல இருந்துதான் கெளம்புது, ஆறு மணி ஷிப்டுக்கு விடிகாலை நாலேகாலுக்கு அங்க நிக்கணும். தெனமும் மூணு மணிக்கு அப்பா டிவிஎஸ் பிஃப்டில என்னை புது பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து விடுவாரு, நான் சென்னை போற பஸ்ஸப் புடிச்சு டோல்கேட்ல எறங்கி, அங்க இருட்டுல லாரிக்காரங்களோட நின்னுக்கினு இருப்பேன். ஒரு நாள் சென்னை பஸ்ஸு லேட்டு, கம்பெனி பஸ்ஸு போயிடுச்சு, அரை நாள் சம்பளம் கட். இருபத்திரெண்டு நாள் தாங்குனேன், அவ்ளோதான்.

அவரு பொய் சொல்லல பாருங்க. பஸ்ஸு இருந்துச்சு. நான் கேட்ட கேள்விதான் தப்பு. "இருக்கா"ன்னு கேட்டா "இருக்கு"ன்னுதான் பதில் வரும். "சார், காட்பாடி பக்கத்துல இருந்து இப்ப வந்துக்கினு இருக்கவங்க எந்த ஸ்டாப்புல, எத்தன மணிக்கு ஏறுறாங்க?"ன்னு கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இதுக்குக் கீழ நான் எழுதப்போறது பூரா இந்த ஒரு விஷயத்தோட வேற வேற ரூபம்தான்.

மொதல்ல வீட்டுல உக்காந்து பண்ண வேண்டியது

இன்டர்வியூக்கு முந்துன நாள் ஒரு பேப்பர் எடுங்க. கைல மாசம் மினிமம் எவ்ளோ வந்தா வண்டி ஓடும், காலைல சீக்கிரம்னா எத்தன மணிக்குக் கெளம்ப முடியும், எது சத்தியமா முடியாது, இந்த மூணையும் எழுதுங்க. நைட் ஷிப்ட் முடியாதுன்னா முடியாதுன்னு எழுதுங்க, "பாத்துக்கலாம்"னு எழுதாதீங்க. உங்க கேள்வி எல்லாம் இந்தப் பேப்பர்ல இருந்துதான் வரணும், யூடியூப்ல சொல்ற பத்து கேள்விய மனப்பாடம் பண்ணிக்கினு போனா கேக்கும்போதே தெரிஞ்சிடும்.

அப்புறம் கம்பெனியப் பத்திப் பாருங்க. வெப்சைட்ல சிரிச்சிக்கினு நிக்கிற போட்டோ எல்லாம் ஒன்னுத்துக்கும் ஆகாது. பிஎஃப்ப (வருங்கால வைப்பு நிதி) பாத்துக்கற அரசு அமைப்பு இபிஎஃப்ஓ, அதோட வெப்சைட்ல எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்னு ஒன்னு இருக்கு, அதுல கம்பெனி பேரப் போட்டா பிஎஃப் பணம் எந்தெந்த மாசம் கட்டி இருக்காங்க, எத்தன பேருக்குக் கட்டி இருக்காங்கன்னு பாக்கலாம். முன்னூறு பேரு வேலை செய்யறாங்கன்னு சொல்ற எடத்துல நாப்பது பேருக்குத்தான் பிஎஃப் போயிக்கினு இருக்குன்னா மீதிப் பேரு காண்ட்ராக்ட்ல இருக்கலாம், இல்ல கணக்குலயே இல்லாம இருக்கலாம். இது தெரிஞ்சிக்கினு உள்ள போனா கேள்வி தானா வரும்.

இன்னொன்னு, இது கொஞ்சம் பழைய ஸ்டைல், ஆனா இத மிஞ்சுன வழி நான் பாக்கல. சிப்காட்ல (அரசு தொழிற்பேட்டை) கம்பெனின்னா ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிப்ட் விடும்போது கேட்டுக்கு எதுத்தாப்புல இருக்கற டீக்கடைல போய் உக்காருங்க. வெளிய வர்றவங்க எப்படி வர்றாங்கன்னு பாருங்க. ரெண்டு மணி ஷிப்டுக்கு ரெண்டு அஞ்சுக்கு வெளிய வர்றாங்களா, இல்ல ரெண்டே முக்காலுக்கா? ஒரு டீ வாங்கிக்கினு "அண்ணே, சம்பளம் கரெக்ட்டா போடறாங்களா?"ன்னு கேட்டா ஒரே வார்த்தைல சொல்லிடுவாங்க. "அதெல்லாம் ஏன்பா கேக்குற"ன்னு சொன்னா அதுவும் பதில்தான்.

எந்தக் கேள்வி யாருகிட்ட

இதுல நெறைய பேரு தப்பு பண்றாங்க. உங்களுக்கு மேல உக்காரப்போற மேனேஜர், சூப்பர்வைசர், எச்ஓடி யாரோ அவருகிட்ட வேலையப் பத்தி மட்டும் கேளுங்க. சம்பளம், லீவு, பிஎஃப், பாண்டு (இத்தன வருஷம் இருப்பேன்னு எழுதிக் குடுக்கறது) எல்லாம் எச்ஆர்கிட்ட. மேனேஜர்கிட்ட போய் கிராஜுட்டி (வேலைய விட்டுப் போகும்போது குடுக்கற பணிக்கொடை) எப்படின்னு கேட்டா அவருக்கே தெரியாது, எச்ஆர்கிட்ட போய் எந்த மெஷின்னு கேட்டா அவங்களுக்குத் தெரியாது. சின்னக் கம்பெனில ஓனரே எல்லாத்தையும் பாப்பாரு, அங்க மொதல்ல வேலை, கடைசில காசு. எடுத்த எடுப்புல லீவு எத்தன நாள்னு ஆரம்பிக்காதீங்க, அதுல நியாயம் இருந்தாலும் காதுல வேற மாதிரிதான் விழும்.

எத்தன கேள்வின்னா ஒரு ரவுண்டுக்கு மூணு, நாலு போதும். மீதி எல்லாம் செலக்ட் ஆயிட்டீங்கன்னு போன் வந்த பொறவு, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி. அந்தக் கேப்புலதான் உங்க பேச்சுக்கு மரியாதை ஜாஸ்தி, அவங்களுக்கும் ஆள் வேணும், உங்களப் புடிச்சும் போச்சு.

கேக்குற விதம்: "இருக்குமா"ன்னு கேக்காதீங்க, "போன மாசம் எப்படி இருந்துச்சு"ன்னு கேளுங்க

இனிமே நடக்கப்போறதப் பத்திக் கேட்டா யாரு வேணா எத வேணா சொல்லலாம். நடந்து முடிஞ்சதப் பத்திக் கேட்டா சும்மா அடிச்சு விட முடியாது, கொஞ்சமாவது யோசிக்கணும், அந்த யோசிக்கற நேரத்துலயே உங்களுக்குப் பாதி தெரிஞ்சிடும்.

"ஓவர்டைம் இருக்குமா சார்?"னா "எப்பயாவது"ன்னு முடிச்சிடுவாரு. "சார், போன வாரம் இந்த லைன்ல இருக்கவங்க சாயந்தரம் எத்தன மணிக்கு வீட்டுக்குக் கெளம்புனாங்க?"ன்னு கேளுங்க.

"இன்கிரிமென்ட் உண்டா?"ன்னா "பெர்ஃபார்மன்ஸ் பாத்து"ம்பாங்க. "போன வருஷம் எந்த மாசம் இன்கிரிமென்ட் போட்டீங்க, என்னை மாதிரி ஃப்ரெஷரா வந்தவங்களுக்கு சுமாரா எவ்ளோ ஏறுச்சு?"

"கத்துக்க வாய்ப்பு இருக்குமா?"ங்கறத விட "ரெண்டு வருஷம் முன்னாடி இதே போஸ்ட்ல சேர்ந்தவங்க இப்ப என்னவா இருக்காங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. அதே எடத்துலயே இருக்காங்களா, மேல போனாங்களா, வெளிய போனாங்களா, மூணுல ஒன்னு வந்தாகணும்.

வேலையப் பத்தி

இந்த எடம் ஏன் காலியா இருக்குன்னு கண்டிப்பா கேளுங்க. பட்டுன்னு "முன்னாடி இருந்தவன் ஏன் ஓடிட்டான்"ங்கற மாதிரி கேக்கக்கூடாது. "மேடம், இது புது போஸ்டா, இல்ல முன்னாடி யாராவது பாத்துக்கினு இருந்தாங்களா?"ன்னு சாதாரணமா ஆரம்பிங்க. புதுசுன்னா ஏன் இப்ப தேவைப்பட்டுச்சுன்னு கேளுங்க. பழசுன்னா அவங்க எவ்ளோ நாள் இருந்தாங்கன்னு மட்டும் கேளுங்க, ஒரு வருஷத்துல மூணு பேரு மாறி இருந்தா அதுக்கு மேல ஒன்னும் கேக்கத் தேவையில்ல.

"மொத மூணு மாசத்துல நான் இன்னின்னத முடிச்சிருந்தா உங்களுக்குத் திருப்தின்னா, அது என்னென்ன சார்?" இது எல்லா வேலைக்கும் பொருந்தும். தெளிவா சொன்னாருன்னா அவரு வேலை தெரிஞ்சவரு. "எல்லாத்தையும் பாக்கணும்பா, இது அதுன்னு கிடையாது"ன்னா நீங்க அக்கவுண்ட்ஸுக்குப் போயி ஓனர் வீட்டு கரண்ட் பில்லும் கட்டிக்கினு இருக்கப் போறீங்கன்னு அர்த்தம்.

அப்புறம் கம்பெனி ரோலா, காண்ட்ராக்டா, டிரெய்னியா? இத நேரா கேக்கலாம், தப்பே இல்ல. "சார், என்னோட ஆஃபர் லெட்டர், சம்பள ஸ்லிப்பு எந்தப் பேருல வரும்?"னு கேட்டாப் போதும். கேட்டுல ஒரு பெரிய கம்பெனி பேரு இருக்கும், சம்பளம் போடறது யாரோ ஒரு மேன்பவர் ஏஜென்சியா இருக்கும். அப்ரென்டிஸ்னா பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாம் வராது, ஸ்டைபண்டு மட்டும்தான், ஒரு வருஷம் முடிஞ்சா அனுப்பிடுவாங்களா எடுத்துக்குவாங்களான்னு அங்கயும் பழைய கணக்கக் கேளுங்க, "போன பேட்ச்ல எத்தன பேரு வந்தாங்க, அதுல எத்தன பேர எடுத்தீங்க?"

ஷிப்டு, பஸ்ஸு, தங்கற எடம்

நம்ம ஜில்லாக்காரங்களுக்கு இதுதான் பாதி வாழ்க்க. 2019ல வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணாப் பிரிச்சாலும் வேலைக்குப் போற ரூட்டு மாறல, குடியாத்தத்துல இருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும், காட்பாடில இருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கும், ஆற்காட்ல இருந்து ஒரகடத்துக்கும் ஜனங்க போயிக்கினுதான் இருக்காங்க. பனப்பாக்கத்துல 9,000 கோடில கார் ஃபேக்டரி வருதுன்னு 2024 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டுனதுல இருந்து அந்தப் பக்கம் வேலைக்கு ஆள் எடுக்கறோம்னு சொல்லிக்கினு சுத்துற ஏஜெண்டுங்களும் உண்டு. ஒரு விஷயம் மனசுல வையுங்க, வேலை வாங்கித் தர காசு கேக்குறவங்ககிட்ட ஒரே கேள்விதான், "இந்தக் காசுக்கு கம்பெனி பேர்ல ரசீது குடுப்பீங்களா?" அதோட பேச்சு முடிஞ்சிடும்.

கேக்க வேண்டியது: எந்த ஸ்டாப்பு, எத்தன மணி, பஸ்ஸுக்கு சம்பளத்துல எவ்ளோ புடிப்பாங்க, ஓவர்டைம் முடிஞ்சு வந்தா அந்த நேரத்துக்கு பஸ் உண்டா. இந்தக் கடைசிக் கேள்விய யாரும் கேக்கறதில்ல. எட்டு மணி நேர ஷிப்டுக்கு பஸ் இருக்கும், பன்னெண்டு மணி நேரம் நிறுத்தி வச்சாங்கன்னா நீங்க ரோட்டுல நிப்பீங்க. ஷிப்டு எத்தன நாளைக்கு ஒரு வாட்டி மாறும், வாரா வாரமா, பதினஞ்சு நாளான்னும் கேளுங்க.

ஃபேக்டரின்னா வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரண வேலை, அதுக்கு மேல போனா டபுள் சம்பளம்னு சட்டம் சொல்லுது. இத எச்ஆர்கிட்ட போய் சட்டம் பேசாதீங்க. "ஓவர்டைம் எப்படிக் கணக்குப் போடறீங்க மேடம், ஸ்லிப்புல தனியா காட்டுவீங்களா?"ன்னு கேட்டா போதும், தனியா காட்டலன்னா ஏன்னு உங்களுக்கே புரியும்.

காசு – இங்க கொஞ்சம் நிதானமாப் படிங்க

"எவ்ளோ சிடிசி?"ன்னு கேட்டுட்டு வீட்டுக்கு வந்து பன்னெண்டால வகுத்து அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. சிடிசிங்கறது கம்பெனி உங்களுக்காக மொத்தமா செலவு பண்றதா காட்டுற கணக்கு, உங்க கைக்கு வர்றது வேற.

வருஷம் 3 லட்சம்னு சொல்றாங்கன்னு வைங்க. மாசம் 25,000. அதுல பேசிக் (அடிப்படை சம்பளம்) பாதி, 12,500. கம்பெனி போடற பிஎஃப் பேசிக்ல 12 பர்சன்ட், 1,500, இத சிடிசிலயே சேத்திருப்பாங்க. கிராஜுட்டின்னு பேசிக்ல 4.81 பர்சன்ட், ஒரு 600, அதுவும் உள்ள இருக்கும், ஆனா பொதுவா அஞ்சு வருஷம் முடிச்சாத்தான் அந்தக் காச கண்ணுல பாக்க முடியும். ஆக 22,900. இதுல உங்க பங்கு பிஎஃப் 1,500 புடிச்சா 21,400. கேன்டீனுக்கு ஐநூறு, பஸ்ஸுக்குத் தொள்ளாயிரம்னு புடிச்சா கைக்கு 20,000. இது ஒழுங்கா நடத்தற எடத்துல. இன்சூரன்ஸ், வேரியபிள் பே, ஜாயினிங் போனஸ்னு உள்ள திணிச்சா இன்னும் எறங்கும்.

அதனால கேள்வி இது: "மேடம், பிடித்தம் எல்லாம் போக மாசம் அக்கவுண்டுக்கு வர்றது எவ்ளோ இருக்கும்? எதுக்கு எவ்ளோன்னு பிரிச்சுக் காட்டுற சம்பள பிரேக்கப்ப மெயில்ல அனுப்ப முடியுமா?" இத அஞ்சு நிமிஷம் கூச்சப்பட்டுக் கேட்டுடுங்க, கேக்காம விட்டா மாசாமாசம் கூச்சப்படணும்.

கூடவே, சம்பளம் எந்தத் தேதி, போன மூணு மாசம் எந்தத் தேதில போட்டாங்க. மொத்த சம்பளம் 21,000க்குள்ள இருந்தா இஎஸ்ஐ வரணும், உங்க பங்கு 0.75 பர்சன்ட், கம்பெனி 3.25. அம்மா அப்பா உங்கள நம்பி இருந்தா அவங்களுக்கும் அதுல ட்ரீட்மென்ட் பாக்கலாம், "இஎஸ்ஐ கார்டுல அப்பா அம்மா பேரு சேத்துக் குடுப்பீங்களா?"ன்னு அப்பவே கேட்டு வைங்க.

அவங்க உங்களத் திருப்பிக் கேப்பாங்க, "எவ்ளோ எதிர்பாக்குறீங்க?"ன்னு. "இந்தப் போஸ்டுக்கு நீங்க எந்த ரேஞ்சு வச்சிருக்கீங்க மேடம், அதுக்கேத்த மாதிரி சொல்றேன்"னு ஒரு வாட்டி திருப்பிப் போடலாம். ரெண்டாவது வாட்டியும் கேட்டா மழுப்பாம நம்பரச் சொல்லிடுங்க, வீட்டுப் பேப்பர்ல எழுதுன மினிமத்துக்குக் கொஞ்சம் மேல.

பாண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்

"ஒரிஜினல் சர்டிபிகேட் வெரிஃபை பண்ணிட்டு அன்னிக்கே திருப்பிக் குடுத்துடுவீங்களா சார்?" இந்தக் கேள்விய நர்சிங் முடிச்சவங்க, காலேஜ்ல லெக்சரர் வேலைக்குப் போறவங்க கேக்காம வரவே கூடாது. ஒரு தடவ பீரோக்குள்ள போயிடுச்சுன்னா வேற வேலை கெடச்சாலும் நீங்க நகர முடியாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு வெளிநாட்டு இன்டர்வியூக்கு மார்க் ஷீட்டு கேட்டு ரெண்டு மாசம் அலைஞ்சுது.

பாண்டு எல்லாம் கோர்ட்ல நிக்காதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்வாங்க, அத நம்பிக் கையெழுத்துப் போடாதீங்க. மூணு வருஷம் முடியறதுக்குள்ள போனா 2 லட்சம்னு ஒரு பொதுத்துறை வங்கி போட்ட கண்டிஷன் செல்லும்னு சுப்ரீம் கோர்ட் 2025 மே மாசம் சொல்லிடுச்சு. எல்லாக் கம்பெனி பாண்டும் அதே மாதிரின்னு இல்ல, ஆனா சும்மா பயமுறுத்தற காகிதம்னு நெனச்சுக்காதீங்க. எத்தன வருஷம், எவ்ளோ தொகை, டிரெய்னிங்க்கு நெஜமாவே எவ்ளோ செலவு பண்றாங்க, நடுவுல போனா மீதி நாளுக்கு மட்டும் கட்டணுமா மொத்தமும் கட்டணுமா, பேப்பர வீட்டுக்கு எடுத்துக்கினு போய் படிச்சிட்டு நாளைக்குக் கையெழுத்துப் போடலாமா. கடைசிக் கேள்விக்கு "இப்பவே போடணும்"னு பதில் வந்தா எழுந்து வந்துடறது நல்லதுன்னு நான் சொல்வேன், உங்க வீட்டு நெலம உங்களுக்குத் தெரியும்.

நோட்டீஸ் பீரியடும் (வேலைய விடறதுக்கு எவ்ளோ நாள் முன்னாடி சொல்லணும்ங்கறது) கேட்டுக்கோங்க. புரொபேஷன்ல ஒரு மாசம், அப்புறம் மூணு மாசம்னு இருக்கும், மூணு மாசம் காத்திருந்து அடுத்த கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான்.

பொண்ணுங்க கூடுதலா கேக்க வேண்டியது

"நைட்டு ஷிப்ட் முடிஞ்சா வீட்டு வாசல் வரைக்கும் டிராப்பா, மெயின் ரோடு வரைக்குமா?" ஊருக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும்னா அது டிராப் இல்ல. லேடீஸ் எத்தன பேரு இருக்காங்க, டாய்லெட் எங்கன்னு வெக்கப்படாமக் கேளுங்க, முடிஞ்சா இன்டர்வியூ அன்னிக்கே "ரெஸ்ட் ரூம் எங்க மேடம்"னு போய் ஒரு பார்வ பாத்துட்டு வந்துடுங்க, அந்தக் கம்பெனி ஆளுங்கள எப்படி வச்சிருக்குன்னு வேற எந்தக் கேள்வியும் அவ்ளோ சொல்லாது. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல பாலியல் தொல்லை புகாருக்கு இன்டர்னல் கமிட்டி இருக்கணும்னு 2013 சட்டம், "கமிட்டில யாரு யாரு இருக்காங்கன்னு போர்டு எங்க இருக்கும்?"னு டிரெய்னிங் நாள்ல கேக்கலாம். பிரசவ லீவு 26 வாரம், ஆனா இத மொத இன்டர்வியூலயே கேக்காதீங்க, ஆஃபர் லெட்டர் வரட்டும். அநியாயம்தான், கல்யாணம் எப்பன்னு அவங்க மட்டும் கூச்சப்படாமக் கேப்பாங்க.

சில வேலைக்குன்னே இருக்கற கேள்வி

பிரைவேட் ஸ்கூல், காலேஜ்னா ரெண்டே ரெண்டு. "மே மாசம் சம்பளம் உண்டா?" "அட்மிஷன் கேன்வாசிங் எங்களுக்கு டார்கெட் உண்டா?" மே மாசம் வேலூர் வெயில்ல, அக்னி நட்சத்திரத்துல, பைல நோட்டீசு வச்சிக்கினு ஊர் ஊரா பிளஸ் டூ முடிச்ச பசங்க வீட்டுக் கதவத் தட்டுற புரொஃபசருங்கள நான் பாத்திருக்கேன், எம்இ படிச்சவங்க.

ஆஸ்பத்திரின்னா ஒரு நைட் டூட்டில ஒரு சிஸ்டருக்கு எத்தன பேஷண்ட்டு, போன மாசம் எத்தன நைட் போட்டாங்க.

துணிக்கடை, நகைக்கடைன்னா உக்கார சேர் உண்டான்னு கேளுங்க. சிரிக்காதீங்க, கடைல வேலை செய்யறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு தமிழ்நாட்ல 2021ல சட்டமே போட்டாங்க. சேர் இருக்கும், உக்காந்தா மொறைப்பாங்க, அதனால கடைக்குள்ள போகும்போதே யாராவது உக்காந்திருக்காங்களான்னு கண்ணால பாத்துக்கோங்க.

ஷூ கம்பெனி, டேனரின்னா பீஸ் ரேட்டா மாச சம்பளமா, எக்ஸ்போர்ட் ஆர்டர் இல்லாத மாசம் வேலை எப்படி, போன தடவ ஆர்டர் கொறைஞ்சப்ப ஆளுங்கள என்ன பண்ணாங்க.

பதில எப்படிக் கேக்குறது

"நாங்க எல்லாம் ஒரு ஃபேமிலி மாதிரி"ன்னு சொன்னா ஓவர்டைம் கேள்விய இன்னொரு வாட்டி கேளுங்க. "அதெல்லாம் ஜாயின் பண்ணதுக்கப்புறம் பேசிக்கலாம்"னா "சரிங்க சார், ஆஃபர் லெட்டர்ல எழுதி வந்துடுமா?"ன்னு மட்டும் கேட்டுட்டு விட்டுடுங்க. "நல்ல கேள்வி, எனக்கே தெரியல, கேட்டு சொல்றேன்"னு ஒருத்தர் சொல்லிட்டு மறுநாள் நெஜமாவே போன் பண்ணாருன்னா அந்த எடத்த விடாதீங்க. வெளிய வந்ததும் மறக்கறதுக்குள்ள, பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினே, யாரு என்ன சொன்னாங்கன்னு போன்ல டைப் பண்ணி வைங்க, ரெண்டு மூணு இன்டர்வியூ போனா எல்லாம் கலந்துடும்.

போன மாசம் எங்க அக்கா பொண்ணு ராணிப்பேட்டைல ஒரு கம்பெனிக்கு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் இன்டர்வியூ போச்சு. நான் சொன்ன மாதிரியே "காட்பாடில இருந்து இப்ப யாராவது வர்றாங்களா மேடம், அவங்க எங்க ஏறுறாங்க?"ன்னு கேட்டிருக்கா. அந்த மேடம் கொஞ்சம் யோசிச்சிட்டு, லைன்ல இருந்த ஒரு பொண்ணையே கூப்ட்டு "நீயே சொல்லும்மா"ன்னுட்டாங்களாம். முத்துக்கடைல பஸ்ஸுக்கு நின்னுக்கினே எனக்குப் போன் பண்ணா. "மாமா, வேன் திருவலம் வரைக்கும்தான் வருதாம். அஞ்சே முக்காலுக்கு. அந்த அக்கா அவங்க வீட்டுக்காரரோட ஸ்கூட்டில வந்து ஏறுறாங்களாம், நான் எப்படி வர்றதுன்னு நீ ராத்திரிக்குள்ள சொல்லு, நாளைக்கு அவங்களுக்கு பதில் சொல்லணும்."